20 நாள் இடைவெளி, 1,18,000 ரூபாய் பில்: கொசுவுக்கும் காலநிலை மாற்றத்துக்கும் உங்க சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்?



வழக்கமா இங்கே எஸ்ஐபி, டாக்ஸ், வீட்டுக் கடன்னு பேசுவோம். இன்னைக்குக் கொசுவைப் பற்றிப் பேசப் போறேன். "சி.ஏ. படிச்சுட்டு எதுக்கு இந்த வேலை?"ன்னு கேட்காதீங்க. கடைசி வரைக்கும் படிங்க, கணக்கு புரியும்.

முதல்ல ஒரு கதை. சொல்லப்போனா, நான் பண்ணின ஒரு தப்பு.

2022 ஆகஸ்ட். என் தம்பிக்கு அப்போ 26 வயசு. சென்னையில் வேலை, மாசம் 48,000 ரூபாய் சம்பளம். ஒரு நாள் போன் பண்ணி, "அக்கா, நான் தனியா ஒரு ஹெல்த் பாலிசி எடுக்கட்டுமா? 5 லட்சம் கவருக்கு வருஷம் ஏழாயிரத்துச் சொச்சம் சொல்றாங்க"ன்னு கேட்டான். நான் சொன்ன பதில் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. "கம்பெனி கவர் இருக்குல்ல? உனக்கு என்ன வயசாச்சு? அந்தப் பணத்தை எஸ்ஐபில போடு."

அக்டோபர்ல அவனுக்கு வேற கம்பெனியில் நல்ல ஆஃபர் வந்தது. பழைய கம்பெனியில் கடைசி வேலை நாள் அக்டோபர் 14. புது கம்பெனியில் சேர வேண்டிய நாள் நவம்பர் 4. நடுவில் 20 நாள். "ரெஸ்ட் எடுக்கிறேன்"னு சொன்னான், நானும் சரின்னேன்.

அக்டோபர் 22 ராத்திரி ஜுரம். 25-ம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டெங்கு. 4 நாள் ரூம், 2 நாள் ஐசியூ.

பில் இதுதான்:

- ரூம் வாடகை: 24,000
- ஐசியூ: 28,000
- டெஸ்ட்கள்: 21,500
- மருந்து, ஊசி, டிரிப்ஸ் சாமான்கள்: 26,000
- டாக்டர் ஃபீஸ்: 18,500
- மொத்தம்: 1,18,000 ரூபாய்

இன்ஷூரன்ஸ்ல வந்த தொகை? பூஜ்யம். பழைய கம்பெனியின் குரூப் பாலிசி அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. புது கம்பெனியின் பாலிசி சேர்ற அன்னைக்குத்தான் ஆரம்பிக்கும். சொந்தப் பாலிசி இல்லை, ஏன்னா அக்கா வேணாம்னு சொல்லிட்டேன்.

அவன் சேமிப்புக் கணக்கிலிருந்து 35,000, கிரெடிட் கார்டில் 40,000, மீதி 43,000 நான் கொடுத்தேன். அம்மா ஊர்ல இருந்து பஸ் ஏறி வந்தாங்க. வந்ததும் கைப்பையைத் திறந்து, கர்ச்சீப்ல சுத்தி வச்சிருந்த ரெண்டு வளையலை என் கையில கொடுத்து, "இதை வச்சுப் பணம் எடும்மா"ன்னாங்க. ஊருக்கெல்லாம் பண விஷயத்துல யோசனை சொல்ற பொண்ணு நான். வீட்டுல நடந்தது இது. வளையலைத் திருப்பிக் கொடுத்துட்டேன். ஆனா அந்தக் கர்ச்சீப் முடிச்சை என்னால மறக்க முடியலை.

தம்பி இப்போ நல்லா இருக்கான். ஆனா, "26 வயசுப் பையனுக்கு என்ன வந்துடப் போகுது"ன்னு நான் நினைச்சது ஏன் தப்புன்னு அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். படிச்சதில் ஒண்ணு நல்லாப் புரிஞ்சது: நம்ம அப்பா அம்மா காலத்து நோய்க் கணக்கு இப்போ செல்லாது. கிளைமேட் அதை மாத்திக்கிட்டே இருக்கு.

சூடு ஏறினால் கொசுவுக்கு என்ன லாபம்?

டெங்குவைப் பரப்புறது ஏடிஸ் எஜிப்தி என்ற கொசு. சாக்கடையில் வளர்றது இல்லை. டிரம், பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடாத டேங்க் இப்படி நல்ல தண்ணி தேங்கின இடத்துலதான் முட்டை போடும். கடிக்கிறதும் பெரும்பாலும் பகல்லதான். அதாவது நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது.

இந்தக் கொசு டெங்கு நோயாளியைக் கடிச்ச உடனே அடுத்தவருக்கு நோயைக் கொடுக்க முடியாது. வைரஸ் கொசுவின் உடம்புக்குள்ளே பெருகி, அதன் எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேரணும். 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில் இதுக்குச் சுமார் 8 முதல் 12 நாள் ஆகும். வெப்பம் கொஞ்சம் ஏறினால் இந்த நாட்கள் குறையும்.

ஒரு கொசுவின் ஆயுளே சில வாரம்தான். அதில் ரெண்டு மூணு நாள் மிச்சமானாலே, சாகுறதுக்குள்ளே இன்னும் பல பேரைக் கடிச்சு நோயைக் கொடுக்க முடியும். கூட்டு வட்டி மாதிரி யோசிங்க. வருஷத்துக்கு ஒரு முறை வட்டி சேர்றதுக்கும் மாசாமாசம் சேர்றதுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. இங்கே லாபம் கொசுவுக்கு.

சூடு ஏற ஏற டெங்கு ஏறிக்கிட்டே போகும்னும் இல்லை. ஆய்வுகள் சொல்றபடி இந்தக் கொசு டெங்குவைப் பரப்ப ரொம்ப வசதியான வெப்பம் 29 டிகிரியை ஒட்டித்தான். 35 டிகிரியைத் தாண்டிப் போனால் கொசுவுக்கே கஷ்டம். சென்னையில் மே மாசத்தைவிட அக்டோபர், நவம்பர், டிசம்பர்ல டெங்கு ஜாஸ்தியா இருக்கிறது இதனாலும்தான். மழைத் தண்ணியும் இருக்கு, வெப்பமும் கொசுவுக்கு ஏத்த மாதிரி இருக்கு.

குளிர்ச்சியான ஊர்களுக்கு இது வேற மாதிரி ஆபத்து. நேபாளத்தில் முதல் டெங்கு நோயாளி 2004-லதான் பதிவானார். 2022-ல் அதே நாட்டில் 50,000 பேருக்கு மேல் டெங்கு. கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிற காத்மாண்டுவும் தப்பலை. ஐரோப்பாவில் பிரான்ஸ், இத்தாலியில் வெளிநாடே போகாதவங்களுக்கும் உள்ளூர்க் கொசு மூலமா டெங்கு வருது.

மழை பெய்தாலும் ஆபத்து, பெய்யாவிட்டாலும் ஆபத்து

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7% கூடுதல் ஈரப்பதத்தைத் தாங்கும். அதனால் கொட்டும்போது மொத்தமா கொட்டுது. 2015 டிசம்பர் முதல் வாரம் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கினது. ரெண்டே வாரத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஒவ்வொரு மழைக்கும் கிளைமேட்தான் முழுக் காரணம்னு சொல்லிட முடியாது. ஆனா இப்படிப்பட்ட பெருமழைகளுக்கான வாய்ப்பு கூடுதுன்னு விஞ்ஞானிகள் தெளிவா சொல்றாங்க.

வெள்ளம் வடிஞ்ச பிறகு மூலைமுடுக்கெல்லாம் தண்ணி தேங்கும். முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக நம்ம ஊர்ச் சூட்டில் 7 முதல் 10 நாள் போதும். அதோட, எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத் தண்ணியில் காலில் புண்ணோட நடந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் எனும் எலிக் காய்ச்சல் வரலாம். குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்தால் வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை.

சரி, மழையே இல்லைன்னா தப்பிச்சோமா? அதுவும் இல்லை. 2019-ல் சென்னையில் ஏரிகள் வத்திப்போன கோடை ஞாபகம் இருக்கா? லாரித் தண்ணி வந்தப்போ வீட்டில் இருந்த டிரம், குடம், பக்கெட் எல்லாத்துலயும் பிடிச்சு வச்சோம். மூடி போடாத ஒவ்வொரு டிரம்மும் ஏடிஸ் கொசுவுக்கு வாடகையில்லாத வீடு. இன்னொரு விஷயம், இதன் முட்டை தண்ணி இல்லாமலேயே பல மாசம் காஞ்ச பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கிட்டு உயிரோட இருக்கும். அடுத்த முறை தண்ணி ஊத்தினதும் பொரிக்கும். அதனால் டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கம் தேய்ச்சுக் கழுவணும்.

எண்கள் என்ன சொல்லுது?

உலக சுகாதார நிறுவனத்துக்கு 2000-ல் பதிவான டெங்கு நோயாளிகள் சுமார் 5 லட்சம். 2019-ல் 52 லட்சம். 2023-ல் 65 லட்சத்துக்கு மேல். 2024-ல் 1.4 கோடிக்கு மேல். இந்தியாவில் 2023-ல் மட்டும் சுமார் 2.89 லட்சம் பேர். தமிழ்நாட்டில் 2017-ல் 23,000 பேருக்கு மேல் பாதிப்பு, 65 பேர் இறந்தாங்க.

நான் ஆடிட்டர். எண்ணைப் பார்த்ததும் "இது எதனால?"ன்னு கேட்கிறது பழக்கம். முன்னாடியைவிட இப்போ டெஸ்ட்டும் பதிவும் அதிகம். நகரங்கள் நெருக்கமாயிடுச்சு. விமானத்தில் மனுஷனோட வைரஸும் பயணம் பண்ணுது. இதெல்லாம் சேர்ந்ததுதான் இந்த ஏற்றம். கிளைமேட் ஒண்ணுதான் காரணம்னு யாராவது சொன்னால் நம்பாதீங்க. "கிளைமேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை"ன்னு சொன்னாலும் நம்பாதீங்க.

இன்னொண்ணு. டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு எதிர்ப்பு கிடைக்கும், மத்த மூணுக்கும் நிரந்தரமா கிடைக்காது. ரெண்டாவது முறை வேற வகை தாக்கினால் நோய் கடுமையாக வாய்ப்பு அதிகம். "எனக்கு ஏற்கெனவே வந்துட்டுப் போயிடுச்சு"ன்னு நிம்மதியா இருக்கிறவங்கதான் கூடுதல் கவனமா இருக்கணும். தடுப்பூசியும் நம்ம நாட்டில் 2024 வரை பொதுப் பயன்பாட்டுக்கு வரலை. உள்நாட்டுத் தடுப்பூசி ஒண்ணின் மூணாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்ட்டில்தான் ஆரம்பிச்சது.

பில்லில் தெரியாத செலவு

தம்பி கதைக்குத் திரும்ப வருவோம். 1,18,000-ஓட முடியலை.

நவம்பர் 4-ம் தேதி அவனால் எழுந்து நடக்கவே முடியலை. டெங்கு போன பிறகும் அந்த அசதி வாரக்கணக்கில் இருக்கும். புது கம்பெனியில் பேசி 17-ம் தேதி சேர்ந்தான். 13 நாள் சம்பளம் போச்சு: 20,800 ரூபாய். அட்மிஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த டெஸ்ட், ஆட்டோ, பழம், ஜூஸ்னு 7,200. மொத்தம் 1,46,000. அவனோட மூணு மாசச் சம்பளம்.

கார்டில் தேய்ச்ச 40,000-ஐ அடுத்த மாசமே கட்ட முடியலை. மாசம் 3.5% வட்டின்னா 1,400 ரூபாய், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி 252 ரூபாய். ஒரே மாசத்துக்கு 1,652. அந்த வருஷம் எஸ்ஐபி அஞ்சு மாசம் நின்னுபோச்சு. பாலிசி வேணாம், எஸ்ஐபில போடுன்னு சொன்னேனே, அதே எஸ்ஐபிதான்.

நீங்க செய்ய வேண்டிய 6 விஷயம்

1. சொந்தப் பாலிசி, மழைக்கு முன்னாடியே. புது ஹெல்த் பாலிசி எடுத்தால் முதல் 30 நாள் விபத்து தவிர வேற நோய்க்கு கிளெய்ம் கிடையாது. பக்கத்து வீட்டில் டெங்குன்னு கேள்விப்பட்டு எடுத்தால் லேட். தென்மேற்குப் பருவமழை நேரத்திலேயே, ஜூலை ஆகஸ்ட்டில் எடுத்துடுங்க. இந்த வருஷம் விட்டிருந்தால் இன்னைக்கே எடுங்க, டிசம்பருக்காவது உதவும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்னாடி 18% கட்டினோம்.

2. வேலை மாறும்போது இடைவெளியை எண்ணுங்க. ரிசைன் பண்றதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: "குரூப் கவர் எந்தத் தேதி வரை? இதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்க முடியுமா?" அப்படி மாறினால் ஏற்கெனவே கழிச்ச காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். வெளியே வந்த பிறகு கேட்டால் பிரயோஜனம் இல்லை.

3. ரூம் வாடகை வரம்பைப் படிங்க. இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. உங்க பாலிசியில் ரூம் வாடகை வரம்பு ஒரு நாளைக்கு 5,000, நீங்க எடுத்தது 8,000 ரூம்னு வைங்க. குறையறது அந்த 3,000 மட்டும்னு நினைக்காதீங்க. டாக்டர் ஃபீஸ், நர்சிங் மாதிரி ரூமோட சேர்ந்த செலவுகளிலும் 5,000/8,000, அதாவது 62.5% மட்டும்தான் தருவாங்க. அந்தச் செலவு 40,000-னா கிடைக்கிறது 25,000. மீதி 15,000 உங்க பாக்கெட்டிலிருந்து. மருந்து, டெஸ்ட் இதுக்கெல்லாம் இந்த வெட்டு பொருந்தாது. டெங்கு சீசனில் "சின்ன ரூம் காலி இல்லை"ன்னு சொல்வாங்க, அதனால் வரம்பே இல்லாத பாலிசி நல்லது.

4. "சும்மா ஒரு நாள் பார்த்துக்கிட்டுப் போகலாம்" அட்மிஷன். டெஸ்ட் எடுக்கவும் கண்காணிக்கவும் மட்டுமே அட்மிட் ஆனால் கிளெய்ம் மறுக்கலாம். அட்மிஷன் ஏன் தேவைப்பட்டதுன்னு டாக்டர் எழுதின குறிப்பு, டெங்கு டெஸ்ட் ரிப்போர்ட், தினசரி சார்ட் எல்லாத்தையும் காப்பி வாங்கி வைங்க. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனம் பதில் சொல்லணும்னு ஐஆர்டிஏஐ விதி இருக்கு. அதைத் தாண்டி இழுத்தால் தைரியமா கேளுங்க. அநியாயமா மறுத்தால் முதல்ல நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, அப்புறம் பீமா பரோசா தளம், அதுக்கப்புறம் ஆம்பட்ஸ்மேன். சென்னையிலேயே ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் இருக்கு, வக்கீல் தேவையில்லை.

5. மழைக்கால ஃபண்ட். பாலிசி இருந்தாலும் டெபாசிட், வெளியே எடுக்கிற டெஸ்ட், போன சம்பளம் இதுக்கெல்லாம் கையில் காசு வேணும். மாசம் 2,500 ரூபாய் தனியா ஒதுக்குங்க, வருஷத்தில் 30,000. சேமிப்புக் கணக்கோடு இணைந்த எஃப்டி போதும். ஷேர்ல போடாதீங்க. பணம் தேவைப்படுற அன்னைக்கு மார்க்கெட் எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்?

6. அரசு வழியையும் தெரிஞ்சு வைங்க. மாசச் சம்பளம் 21,000-க்குள் இருந்து ஈஎஸ்ஐ பிடிக்கிறாங்கன்னா, சிகிச்சை மட்டும் இல்லை, தகுதி இருந்தால் நோய்க்கால உதவியா சம்பளத்தில் 70% வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பே ஸ்லிப்பில் 0.75% பிடித்தத்தைப் பார்த்துட்டுச் சும்மா கடந்து போயிடாதீங்க. ஊரில் இருக்கிற குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்து விடுங்க. 70 வயசு தாண்டின தாத்தா பாட்டிக்கு வருமான வரம்பே இல்லாமல் ஆயுஷ்மான் பாரத் கார்டு உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் டெங்கு டெஸ்ட் இலவசம்.

டாக்ஸ் பற்றி ஒரு வரி (சொல்லாமல் விட்டால் கமெண்ட்ல கேட்பீங்க): 80டி சலுகை பழைய வரி முறையில் மட்டும். உங்களுக்கு 25,000 வரை, சீனியர் சிட்டிசன் பெற்றோருக்கு 50,000 வரை. புது முறையில் இருந்தால் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. அதுக்காகப் பாலிசி வேணாம்னு முடிவெடுக்காதீங்க. பாலிசி எடுக்கிறது டாக்ஸுக்காக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை 10 நிமிஷம்

இதுக்குச் செலவு பூஜ்யம். கொசு உருவாக ஒரு வாரத்துக்கு மேல ஆகும்னு பார்த்தோம். வாரம் ஒரு முறை அந்தச் சுழற்சியை உடைச்சுட்டால் போதும். டிரம்மைத் தேய்ச்சுக் கழுவுங்க. ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கிற தட்டு, ஏசி தண்ணி பிடிக்கிற பக்கெட், பூந்தொட்டித் தட்டு, மொட்டை மாடியில் கிடக்கிற பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாத்தையும் பாருங்க. பிஜியில் இருந்தால் ஓவர்ஹெட் டேங்க் மூடியிருக்கான்னு கேளுங்க. ஆபீஸ் பால்கனியில் தண்ணி தேங்கினால் அட்மின்கிட்ட மெயில் போடுங்க.

நான் டாக்டர் இல்லை, ஆனா இதை மட்டும் சொல்லிடறேன். மழைக்காலத்தில் ஜுரம் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுட்டு ஆபீஸ் போகாதீங்க. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் ரத்தக்கசிவைக் கூட்டலாம், டாக்டரைக் கேட்காமல் தொடாதீங்க. ஜுரம் விட்ட பிறகுதான் டெங்குவில் ஆபத்தான கட்டமே ஆரம்பிக்கலாம். கடுமையான வயித்துவலி, நிக்காத வாந்தி, ஈறில் ரத்தம், ரொம்ப அசதி இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. தம்பிக்கும் மூணாம் நாள் ஜுரம் விட்டுடுச்சு. "சரியாயிடுச்சுக்கா"ன்னான். அன்னைக்கு ராத்திரிதான் ஐசியூ.

கிளைமேட் மாற்றத்தை நீங்களும் நானும் ஒத்தையா நிறுத்திட முடியாது. அதன் பில் எப்போ, யார் பேர்ல வரும்னும் தெரியாது. வரும்போது அம்மா கைப்பையில் வளையலைத் தேடக்கூடாது. அதை மட்டும் நம்மால பார்த்துக்க முடியும்.

தம்பி 2023 ஜூலையில் சொந்தப் பாலிசி எடுத்துட்டான். இந்தத் தடவை என்கிட்ட யோசனை கேட்கலை. நான்தான் அவன்கிட்ட பாலிசி பேப்பரை வாங்கி, ரூம் வாடகை வரம்பு இருக்கான்னு ரெண்டு தடவை படிச்சேன்.

உங்க கம்பெனி பாலிசியில் ரூம் வாடகை வரம்பு எவ்வளவு? இன்னைக்கே எடுத்துப் பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க. பாலிசி பேப்பரை வரிவரியா எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோவில் பார்க்கலாம். வேலை மாறப் போற ஃப்ரெண்ட் யாராவது இருந்தால் இதை முதல்ல அவங்களுக்கு அனுப்புங்க.